சீடர் மரக் காற்றில் உலர்ந்த விரிப்புகள்

எர்லீன் கோத்மன் துணி உலர்த்தும் இயந்திரத்தை நம்பாதவள். அவள் வீட்டில் அவ்வியந்திரம் பிஸ்கட் டப்பாக்களைத் தாங்கி நின்றது. டெக்சஸ் மலைநாட்டில் வடகாற்று வறண்டு வீசும் ஜனவரியில், படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் சீடர் எனும் ஊசியிலை மரங்களுக்கிடையே கட்டிய கொடியில் உலர்த்துவாள். காலைதோறும் உள்ளூர்த் தேன் ஒரு கரண்டி விழுங்குவாள். அத்தேன் சீடர் காய்ச்சல் எனும் மகரந்த ஒவ்வாமையைத் தீர்க்கும் என்று அவ்வூரார் பலரைப் போலவே அவளும் உறுதியாக நம்பினாள். ஆயினும் அம்மரங்கள் மஞ்சள் புகையாய் மகரந்தத்தைச் சொரியத் தொடங்கியதும், ஆண்டுதோறும் அவள் கண் சிவந்து, மூக்கடைத்து, குரல் கம்மிப் போகும்.

அவள் தம்பி மனைவி நெல்டாவுக்கும் அதே உபாதை. இருவரும் சேர்ந்து தும்மிய வரையில் எர்லீனுக்குக் குறையொன்றும் தோன்றியதில்லை. இவ்வாண்டோ நெல்டா தும்மவில்லை. திருச்சபையின் தொத்திறைச்சி விருந்தில் பாடும் தனிப்பாட்டு, எர்லீன் பல்லாண்டாக ஏங்கிய அப்பாட்டு, நெல்டாவுக்குப் போயிற்று.

ஒத்திகையில் நெல்டாவின் குரல் மேலேறியபோது எர்லீனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவளுக்கு ஒரேயொரு தும்மல் வரட்டும் என்று தேவாலயத்தில் அமர்ந்தபடியே வேண்டிக்கொண்டாள். தும்மல் வந்தது, அவளுக்கே வந்தது.

மறுநாள் மாலை அவள் கொடியிலிருந்து விரிப்புகளை எடுத்துக்கொண்டிருக்கையில், நெல்டா சூப்புப் பாத்திரத்துடன் வந்தாள்.

"என்ன பாடகியம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுக்க வந்தியா?"

"மூக்குதான் அடைக்குது, வாய் அடைக்கல உனக்கு. இந்தா, சூடா குடி."

"மறைக்காம சொல்லு. என்னத்த தின்னே? வேற தேனா?"

நெல்டா சிரித்தாள். "தேனீ பூவுக்குப் போகுது. சீடர் தூள் காத்துல வருது. அந்தத் தூள் தேன்ல அவ்வளவா சேராது, அது என்ன பண்ணும்? மூணு வருஷமா ஒவ்வாமை டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கறேன். அதே தூளைத் துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்கறாங்க. உன்னையும் கூப்பிட்டேனே! எல்லார் முன்னாடியும் 'ஊசிப் பைத்தியம்'னு கிண்டல் பண்ணினே."

"நான் எப்ப..." தும்மல் இடைமறித்தது.

நெல்டா விரிப்பின் ஓரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினாள். சாய்ந்த வெயிலில் மஞ்சள் தூள் பறந்தது.

"இதுலதானே மூஞ்சியப் புதைச்சுத் தூங்குறே, எர்லீன்?"

எர்லீன் அத்தூளையே பார்த்து நின்றாள். இச்செய்தி இவள் வாயிலிருந்தா வரவேண்டும்?

"ஊசி போட்டா அடுத்த வருஷம் பாடலாமா?"

"முழுசாக் கேக்கச் சில வருஷம் ஆகும். அதுவரைக்கும் மூக்குல அடிக்கிற மருந்து இருக்கு, சீசனுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். செவ்வாய்க்கிழமை போறேன், வர்றியா?"

அதுவரையில் இவள் பாட, தான் கேட்டிருக்க வேண்டும். அந்நினைவே நெஞ்சில் கசந்தது. எர்லீன் விரிப்புகளை மடிக்காமல் வாரியெடுத்து உள்ளே சென்றாள். மறுபடி துவைக்கப் போட்டாள். உலர்த்தும் இயந்திரத்தின் மேலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை வர்றேன்," என்றாள், பின்னாலேயே உள்ளே வந்த நெல்டாவிடம். "ஆனா காரை நான்தான் ஓட்டுவேன்."