புன்ரேயின் நெஞ்சுக்குள் ஒரு சீழ்க்கை

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று சொல்லத் துணிய மாட்டேன். பிழையிருப்பின் வாசிக்கும் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

கொரியாவின் ஜொன்ஜு நகரில், மேளத் துணையோடு கதையைப் பாடும் பான்சோரிப் பாடகி சா புன்ரே மேடையேறினால், ரசிகர்கள் காத்திருப்பது அவர் குரலுக்கு மட்டுமன்று. மூச்சிழுக்கையில் நெஞ்சுக்குள்ளிருந்து எழும் மெல்லிய சீழ்க்கைக்கும்தான். அருவிக்கரையில் தொண்டை புண்ணாகக் கத்திக் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டவர்களை அவ்வூர் தலையில் வைத்துக் கொண்டாடும். அந்தச் சீழ்க்கையும் அருவி கொடுத்த வரமென்றே எல்லாரும் நம்பினர். பக்கத்தில் அமர்ந்து மேளம் கொட்டும் கணவர் தாக் மன்சுவோ, அதைக் கேட்டுத்தான் அடியே போடுவார்.

வரத்துக்கு இருமல் எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. புன்ரேக்குக் காய்ச்சல் வந்து வந்து போயிற்று. மாடிப்படி ஏறினால் இரைத்தது. ஆஸ்துமா என்று நினைத்து அதற்கான மருந்தை உறிஞ்சியும் பயனில்லை. இலையுதிர்காலக் கச்சேரி நெருங்குகையில், மருத்துவர் யோ அவர் முதுகில் குழல் வைத்துக் கேட்டார்.

“அம்மா, ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் விசில் கேக்கும். உங்களுக்கு இடது பக்கம் மட்டும்தான் கேக்குது. உள்ள ஏதோ வழிய மறிக்குது.”

ஸ்கேனில், இடது மூச்சுக்குழாயில் சோயாமொச்சை அளவு கட்டி தெரிந்தது. கொழுப்பும் குருத்தெலும்பும் கலந்தது. கிள்ளியெடுத்துச் சோதித்ததில், புற்றுநோயன்று. அபூர்வமாக வரும் சாதுக் கட்டி.

“அப்ப இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். எனக்குச் சோறு போடுற கட்டி.”

“சாதுதான். ஆனா வாசல்ல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குதே. விட்டா இடது நுரையீரலே கெட்டுப்போகும்.”

“எடுத்தா என் குரல்?”

“குரல் தொண்டையில இருக்கு, கட்டி நெஞ்சுக்குள்ள. கரகரப்பு நீங்க சம்பாதிச்சது, அது போகாது. விசில்தான் போயிடும்.”

மன்சு தலையில் கை வைத்தார். “அப்ப நான் எதக் கேட்டு அடிக்கிறது?”

“இத்தன வருஷமா என் பாட்டக் கேக்கவே இல்லையா நீங்க?” என்றார் புன்ரே.

மயக்கம் கொடுத்து, வாய்வழியே குழாய் செலுத்தி, மின்சுருக்குக் கம்பியால் கட்டியை அறுத்தெடுத்தனர். விழித்த புன்ரே மூச்சை இழுத்தார். புதுவீட்டுக்குள் நுழைந்த குழந்தையைப் போல் அது மூலைமுடுக்கெல்லாம் ஓடியது. சிரிப்பு வந்தது, சிரித்த பின்னும் மூச்சு மிச்சமிருந்தது.

கச்சேரியன்று குரல் கரகரப்புக் குன்றாமல் எழுந்தது. முன்னெப்போதும் எட்டாத தொலைவை ஒரே மூச்சில் பாடிவிட்டு மூச்சிழுத்தார். சீழ்க்கை வரவில்லை. மன்சுவின் கோல் அந்தரத்தில் நின்றது. அடுத்த வரியும் பாடினார், கோல் இறங்கவில்லை.

“பொண்டாட்டிக்கு மூச்சு வந்துடுச்சு, புருஷனுக்கு நின்னுபோச்சு,” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

புன்ரே பாடும்போது கையில் பிடித்திருந்த விசிறியை மடக்கினார். கணவர் பக்கம் திரும்பி, உதட்டைக் குவித்து, நீளமாகச் சீழ்க்கையடித்தார். கோல் தானாக இறங்கியது. “ஒல்சு!” என்று, சபாஷ் போடுவதுபோல், அரங்கமே கூவியது. அன்று அவர் பாடியதில் பாதி பாட்டு, பாதி சிரிப்பு.

இழந்தவை இவ்வளவே: சோயாமொச்சையளவு கட்டி, ஆஸ்துமா மருந்துக் குப்பிகள், அருவிக்கு இருந்த பெயர், மன்சு போடத் தவறிய சில அடிகள்.