தரையில் விழுந்த நீலப் பை

மைதானத்து ஓரக் கடையில் அண்டா நிறைய, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சிலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிளறிக்கொண்டிருந்த லவோனின் நெஞ்சு அதைவிடக் கொதித்தது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அவள் கையைப் பிடித்து ‘சமாதானம் உண்டாவதாக’ என்று வாழ்த்தும் அதே ஆட்கள், பார்வையாளர் பலகை வரிசைகளில் எழுந்து நின்று அவள் கணவனைத் திருடன் என்று கத்தினார்கள்.

அவள் கணவர் ஆர்லன் அன்றைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் நடுவர்களில் ஒருவர். ஆட்டம் முடியச் சற்று முன், நான்கு புள்ளி பின்தங்கியிருந்த உள்ளூர் அணி, முன்னேற வழியில்லாமல், பந்தை எதிரணிக்கு விட்டு உயர உதைத்தது. அது தூரத்தில் விழுந்து துள்ளியது. எதிரணிக்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடி, இடிபட்டு நழுவவிட்டான். உள்ளூர்ப் பையன் அதை அள்ளிக்கொண்டு ஆறு புள்ளி தரும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். ஊரே துள்ளிக் குதித்தது. ஆர்லன் மட்டும் கைகளை ஆட்டி, செல்லாது என்றார். அடையாளத்துக்காகத் தரையில் தாம் போட்டிருந்த, பீன்ஸ் அடைத்த கையளவு நீலப் பையைக் காட்டினார்.

உதைத்த அணிக்காரன் எதிராளிக்கு முன் பந்தைத் தொட்டால், தொட்ட இடத்தில் நடுவர் அந்தப் பையைப் போடுவார். அதன்பின் எதிராளி பந்தை எடுத்து ஓடலாம். முன்னேறினால் அவனுக்கு லாபம். நழுவவிட்டாலும் நஷ்டமில்லை, பை கிடக்கும் இடத்தில் பந்து அவனுக்கே திரும்பிவிடும். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி ஆர்லன் இதை அவளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். "முதல்ல தப்பு பண்ணினவன் அடுத்தவன் தடுமாற்றத்துல லாபம் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்" என்பார்.

விதி ஊருக்கும் தெரியும். ஆனால் பந்தை நம் பையன் யாருமே தொடவில்லை என்று சாதித்தார்கள். ஆட்டம் தோல்வியில் முடிந்தது; அந்த வருடத்துப் போட்டிகளும் அத்தோடு முடிந்தன.

எல்லோரையும்விட உரக்கக் கத்திய டுவெய்ன் கடைக்கு வந்து, குழம்போடு தரும் இனிப்பு ரொட்டி ரோலைக் காட்டினான்.

"லவோன், இந்த ரோல்ல சர்க்கரை இருக்கா? இல்ல, அதையும் உன் வீட்டுக்காரர் செல்லாதுன்னுட்டாரா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பக்கத்து ஊர்க்காரன் எவ்வளவு குடுத்தான்னும் அப்படியே கேட்டுக்கோ."

இவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் வீட்டுக்குச் சாப்பாடு சுமந்தது இதே கைதான். கர்த்தரே, என் வாயைக் காத்துக்கொள்ளும் என்று லவோன் உள்ளுக்குள் முணுமுணுத்தாள்.

"அவர் பார்த்ததைச் சொன்னார், டுவெய்ன். இன்னொரு வார்த்தை பேசினா, இந்தக் கரண்டி எங்க விழும்னு எனக்கே தெரியாது."

அப்போது டுவெய்னின் மகன் கெல்லன் உள்ளூர் அணியின் ஆட்ட உடையோடு வந்தான். முழங்கால்வரை சேறு. கையில் அந்த நீலப் பை.

"ஆன்ட்டி, இது அங்கயே கிடந்துச்சு. அங்கிள்கிட்ட குடுத்துடுங்க." திரும்பிப் போகப் பார்த்தவன் நின்றான். "நான்தான் தொட்டேன். கையை இழுக்கிறதுக்குள்ள விரல் நுனியில பட்டுடுச்சு. அங்கிள் சரியாத்தான் பார்த்தார்."

"உன்னை யாருடா கேட்டா?" என்றான் டுவெய்ன்.

"யாரும் கேக்கலப்பா. அதான் சொல்றேன்."

இப்போது லவோனின் முறை. சுடச்சுடக் கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பையனின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டத்தில் தோற்றுவிட்டு, இப்போது அப்பாவின் முகத்தையும் பார்க்க முடியாமல் நிற்கிறான். அவள் எதைச் சொன்னாலும் அது இவன்மேல்தான் விழும்.

ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி, மேலே ஒரு ரோலை வைத்துக் கெல்லனிடம் கொடுத்தாள். இன்னொரு கிண்ணத்தை நிரப்பி டுவெய்ன் பக்கம் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் குழம்பு பலகையில் சிந்தியது.

"உன் மேல கோவம் இன்னும் போகல. பையன் தனியா சாப்பிட வேண்டாம்னுதான் குடுக்கிறேன்."

டுவெய்ன் கிண்ணத்தைத் தொடவில்லை. வண்டிகள் நிற்கும் பக்கம் பார்த்தான். அங்கே ஆர்லனின் வண்டியைச் சுற்றிக் கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறக்கக்கூட இடமில்லை.

"அந்தப் பையைக் குடு. நானே கொண்டுபோறேன்."

அவன் வருவதைக் கண்டதும், தங்கள் ஆள் வந்துவிட்டான் என்று கூட்டம் இன்னும் உரக்கக் கூவியது. டுவெய்ன் அவர்களை விலக்கிக்கொண்டு போய் ஆர்லனின் பக்கத்தில் நின்று, பையை அவர் கையில் வைத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

அவன் என்ன சொன்னான் என்பது கடைவரை கேட்கவில்லை. குழம்பு ஆறிவிடாமல் லவோன் அவன் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி வைத்தாள்.