ஏழடிக் கதவுக்கு எட்டடி வண்டி

“பின்சீட்டு இருக்கிற வண்டிதான் வேணும்” என்றார் கதவுக்காரர்.

“எதுக்கு? கதவை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகவா?” என்றாள் அவர் மனைவி.

வண்டி விற்கும் இளைஞன் சிரித்துவிட்டான். கதவுக்காரர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, துடைக்கத் தேவையே இல்லாத ஒரு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

கடையின் பின்புறத் திடலில் இரண்டு பிக்கப் வண்டிகள் அருகருகே நின்றன. இரண்டும் வெள்ளை. மூக்கிலிருந்து பின்விளக்கு வரை அளந்தால் இரண்டும் ஒரே நீளம்தான். ஒன்றில் முன்சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சீட்டு; அதனால் சரக்கு ஏற்றும் பாடி ஐந்தடியோடு நின்றுவிட்டது. மற்றதில் பின்சீட்டு கிடையாது, பாடி எட்டடி. ஆளுக்கு இடம் கொடுத்தால் சரக்குக்குப் போதாது, சரக்குக்குக் கொடுத்தால் ஆளுக்குப் போதாது.

“உங்க கதவு எவ்வளவு நீளம்மா?” என்று இளைஞன் அவளிடம் கேட்டான்.

“ஏழடி.”

“அப்போ யோசிக்கவே வேணாம். எட்டடிதான்.”

“தம்பி, உன்னை யாரு கேட்டா?” என்றார் கதவுக்காரர்.

“தம்பி என்னைத்தான் கேட்டுச்சு, நான்தான் சொன்னேன். நீங்க ஏன் அவன்மேல பாயிறீங்க?” என்றாள் மனைவி.

கதவுக்காரர் பட்டறையில் கதவு செய்து, பாலிஷ் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேர்தான் அந்தப் பட்டறை. விற்றுப்போட்ட பழைய வண்டி குட்டைப் பாடிதான். கதவு பின்பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் கயிறு போட்டுக் கட்டுவார்கள். அவர் கட்ட மாட்டார். கயிறு பட்டால் பாலிஷில் தடம் விழும் என்பார். கயிற்றுக்குப் பதில் மனைவிதான். கதவோடு பின்னாலேயே உட்கார்ந்து, வெயிலானாலும் தூறலானாலும் அதன்மேல் கை வைத்தபடி வருவாள். “பின்னாடி அக்கா” என்றுதான் வாடிக்கையாளர்கள் அவளைச் சொல்வார்கள்.

இறங்கிய பிறகும் அவள் பின்னாடிதான். கதவைத் தூக்கும்போது அவர் முன்முனையைப் பிடித்துப் பின்பக்கமாக நடப்பார். வழி அவருக்குத் தெரியாது. கதவின் மறுமுனையைப் பிடித்து வரும் அவளுக்குத்தான் தெரியும். “படி” என்பாள். “அப்புறம்?” என்பார். “இன்னொரு படி. இப்போ தரை. தலை, தலை!” என்பாள். ஒருநாளும் அவர் தலை எங்கும் இடித்ததில்லை.

பிறகு அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரி தூரம். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அவளால் உட்கார முடியாது. பழைய வண்டியில் படுக்க இடமில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் தலை கண்ணாடியில் மோதும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவர் அவர்.

இப்போது குட்டைப் பாடி வண்டியின் பின்கதவைத் திறந்து, சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

“இங்க வந்து பாரு. மெத்தை மாதிரி இருக்கு. நீ காலை நீட்டிப் படுத்துக்கலாம்.”

“படுத்துக்கிட்டு எங்க போறது?”

“எங்கன்னா? ஆஸ்பத்திரிக்குத்தான்.”

“அங்க இனிமே என்ன வேலை நமக்கு?”

அவர் மறுபடியும் சீட்டை அமுக்கினார்.

“டாக்டர் சொன்னப்போ நானும்தானே உட்கார்ந்திருந்தேன்? மருந்து இனிமே கேட்காது, வீட்டுலயே நிம்மதியா வச்சுக்கோங்கன்னு சொன்னாரு. உங்களுக்கு மட்டும் காது அடைச்சுப் போச்சா?”

“அவன் ஒருத்தன்தான் டாக்டரா? வேற ஆஸ்பத்திரி இல்லையா? விசாரிச்சு வச்சிருக்கேன்.”

“விசாரிங்க. நல்லா விசாரிங்க. அதுவரைக்கும் கதவை யாரு பிடிப்பா?”

“ஆள் வச்சுக்குறேன்.”

“உங்ககிட்டயா! போன தடவை வந்த ஆள் மத்தியானம் சாப்பிடப் போனவன், இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”

இளைஞன் இந்த முறையும் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. கதவுக்காரருக்கே உதட்டோரம் லேசாக இழுத்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்; பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தாங்க, கோபப்படாம கேளுங்க. எட்டடின்னா கதவு உள்ளேயே படுத்துக்கும். பின்பலகையைச் சாத்திடலாம். கயிறும் வேணாம், ஆளும் வேணாம். கீழ கம்பளியை விரிச்சு, ஒரு முனையைத் தூக்கி வச்சுத் தள்ளினா போதும். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ பட்டறையில அப்படித்தானே தனியா தள்ளினீங்க?”

“அன்னைக்கு நீ காய்ச்சல்ல இருந்தே. வீட்டுல இருந்தே.”

“ஆமா.”

“அது வேற.”

அவர் குட்டை வண்டிக்கே திரும்பிப் போய், சீட்டை மடக்க முடியுமா, ஜன்னல் முழுக்க இறங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இளைஞன் விளக்கி முடித்து வந்தபோது அவள் எட்டடி வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். பின்பலகை திறந்து கிடந்தது.

“தம்பி, ஏறுறதுக்கு ஏதாவது இருக்கா?”

அவன் இரண்டு படி வைத்த ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். “உள்ளே என்னம்மா பார்க்கணும்? நான் ஏறிக் காட்டுறேனே.”

“உனக்குச் சொன்னாப் புரியும். அவருக்குக் காட்டினாத்தான் புரியும். கையைக் கொடு.”

ஏறியதும் மூச்சு வாங்கியது. பக்கவாட்டுத் தகரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, சாய்ந்து, நேராகப் படுத்துக் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“என்னங்க! இங்க வாங்க. கதவு இல்லைன்னு கவலைப்படாதீங்க, நானே கதவு. தலைமாட்டுல பாருங்க, எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு! கால்மாட்டுல இன்னும் மிச்சம். தம்பி, பின்பலகையைச் சாத்து, அவர் பார்க்கட்டும்.”

அவன் யோசிக்கவில்லை. வாடிக்கையாளர் சொன்னால் செய்வதுதான் அவன் வேலை. பலகையைத் தூக்கிச் சாத்தினான். ‘டக்’கென்று பூட்டு விழுந்தது.

கதவுக்காரர் திரும்பிப் பார்த்தபோது வெள்ளைத் தகரம்தான் தெரிந்தது. அவளைக் காணவில்லை.

“திற.”

“சார்?”

“திறடா! திறன்னு சொல்றேன்ல!”

அவன் பதறிப்போய்த் திறந்தான். அவள் சிரித்தபடி தலையைத் தூக்கினாள். “பொருந்துச்சா?” என்று கேட்க வந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

“இதையே எடுத்துக்கலாம்” என்றார் அவர். “நீளமானதையே எடுத்துக்கலாம். நீ சொன்னதுதான் சரி. எந்திரி. முதல்ல எந்திரி நீ.”

“விளையாட்டுக்குத்தாங்க...”

“தெரியும். எந்திரி.”

அவள் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். பக்கத் தகரத்தைப் பிடித்தும் பார்த்தாள். முடியவில்லை. இளைஞன் கை நீட்டினான். அவர் அவனை விலக்கிவிட்டு ஏறினார். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தோளுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார். அவர் நினைத்துக் கை கொடுத்த அளவுக்கு அவளிடம் பாரம் இல்லை. பலகைக் கதவு ஒன்றின் எடைகூட இல்லை.

“நானே மெல்ல எந்திரிப்பேன். கீழ வைங்க.”

“பேசாம இரு.”

அவளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக இறங்கினால் கால் வைக்கும் இடம் தெரியாது. அதனால், எப்போதும்போலப் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவள் அவர் தோளில் தாடையை வைத்து, அவருக்குப் பின்னால் இருந்ததை எட்டிப் பார்த்தாள். இளைஞன் ஓடிவந்து ஸ்டூலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அவர் நின்றார். காத்துக்கொண்டு நின்றார்.

“படி” என்றாள் அவள்.

அவர் ஒரு காலைப் பின்னால் இறக்கினார்.

“அப்புறம்?”

“இன்னொரு படி.”

“அப்புறம்?”

“தரை.”

கால் தரையில் பட்டும் அவர் அவளை இறக்கிவிடவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் திடல் காலியாகக் கிடந்தது. அதற்கப்பால் வாசல், வாசலுக்கு அப்பால் ரோடு. எதிலும் ஒரு தடையும் இல்லை.

“அப்புறம்?” என்று மறுபடியும் கேட்டார்.

அவள் வாசலையும் அதற்கப்பால் ரோட்டையும் எட்டிப் பார்த்தாள்.

“நேராத்தான்” என்றாள். “போங்க.”