ஐந்து சாண் சுவர்

எனக்குத் தொழில் சின்ன ஊர் செய்வது. பொம்மை ரயில் ஓட்டுகிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எஞ்சினையும் தண்டவாளத்தையும் கடையில் வாங்கிவிடுவார்கள். அது ஓடுவதற்கு ஒரு மலை, ஒரு வயல், நாலு தெரு வேண்டுமே, அதற்கு என்னிடம் வருவார்கள். பிளாஸ்டிக் மரத்தை நான் கையாலும் தொடமாட்டேன். காய்ந்த பூங்கொத்தை நட்டால் மரம், மரப்பட்டையை உடைத்து வைத்தால் பாறை. குடித்து முடித்த டீத்தூளைக் காயவைத்துத் தூவினால் உழுத நிலம். நான் செய்ததைப் படம் பிடித்துக் காட்டினால் எந்த ஊர் இது என்று கேட்பார்கள். கேட்காதவர்களுக்கு இன்னொரு படத்தைக் காட்டுவேன்.

அக்காவுக்கு இதெல்லாம் குப்பை. நான் தூவுகிற மண்ணில் இருக்கும் பூச்சி முட்டை சாகட்டும் என்று ஒருமுறை அதை அவளுடைய வாணலியில் போட்டு வறுத்துவிட்டேன். பத்து வருடமாகச் சொல்லிக்காட்டுகிறாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் என் பட்டறைக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் ஊர் செஞ்சு குடுக்கறே. உங்க அத்தானுக்கு ஒரு தெரு செஞ்சு குடேன்டா."

அத்தான் தையற்காரர். முப்பது வருடத்தில் ஒரு துணியைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை என்பது அவர் பெருமை. அதைச் சொல்லாமல் எந்த விருந்திலும் கை கழுவியதில்லை. போன வருடம் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. கடையை மூடிவிட்டு, மாடிப்படி ஏற வேண்டாத வீடாகப் பார்த்து வேறு தெருவுக்குக் குடிபோனார்கள். அந்தத் தெருவை அவர் பார்த்ததே இல்லை.

தெருமுனையில் ஒரு தையற்கடை இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். பட்டன் தைக்கவும் ஓரம் மடிக்கவும் கண் எதற்கு, காலையில் வந்து உட்காருங்கள் என்று அவராகவே கூப்பிட்டிருந்தார். அத்தான் போகவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்கா சொன்னதற்குக் கத்தினாராம்.

"நானா நடந்து போனா வேலைக்காரன். நீ கொண்டுபோய் விட்டா பாவப்பட்டவன். எனக்கு எதுக்கு அந்தப் பொழப்பு?"

ஆறு மாதமாக, ஓடாத மெஷின் முன்னால், கழுத்தில் டேப்போடு உட்கார்ந்திருந்தார்.

தெருவைப் போய்ப் பார்த்தேன். வீட்டு வாசலில் இறங்கி வலது பக்கம் திரும்பினால் நாற்பது காலடிக்குச் செடிவேலி. பிறகு ஒரு கிடங்கின் சுவர், நூறு காலடி இருக்கும். பிறகு ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் மூன்று படி, கடை. இருபது காலடிக்கு ஒரு சாண் என்று வைத்துக்கொண்டேன். என்னிடம் இருந்த பலகை ஐந்து சாண் நீளம்தான். அதனால் என்ன? கிடங்குச் சுவரை ஒரு சாணாகச் சுருக்கினேன். இடையில் லாரி போகிற துருப்பிடித்த தகரக் கதவு ஒன்று, பார்க்கச் சகிக்காது, அதையும் விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் இது தினப்படி நடப்பது. நாலு மைல் பள்ளத்தாக்கை ஒரு கதவு அகலத்துக்குள் அடக்கியவன் நான். வெறும் சுவரை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

சும்மா சொல்லக்கூடாது, தெரு அற்புதமாக வந்திருந்தது. அத்தான் முன்னால் வைத்தேன். விரலை வைத்ததும் முதல் மரம் முறிந்தது. அடுத்து விரலை முகர்ந்து பார்த்தார்.

"டேய், நடுத்தெருவுல எதுக்குடா டீத்தூளைக் கொட்டி வச்சிருக்கே?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரிதான். கண்ணுக்காகச் செய்ததைக் கையில் கொடுத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சுரண்டினேன். பத்து நாள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தேன். வேலிக்குக் காய்ந்த பீர்க்கங்காய் நார். சுவருக்குச் செங்கல் பொடி. தார்ச்சாலைக்கு உப்புத்தாள். சந்துக்குச் சலிக்காத மணல். அதே பலகை, அதே ஒரு சாண் சுவர்.

இந்த முறை அத்தான் விரலை முகர்ந்து பார்க்கவில்லை. விரல்கள் வாசலில் இறங்கின, வேலியோடு போயின, சுவரைத் தடவின, படியேறின. திரும்பத் திரும்பப் போய்வந்தார். அப்புறம் கையை விரித்துச் சாண் போட்டு அளந்தார்.

"கணக்கு எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் அத்தான்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றக்கூட இல்லை. எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்து, அக்கா வேலைக்குப் போன பிறகு, அவள் தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினார். வேலி நாற்பது காலடி. சுவரில் கை வைத்தார். இருபதாவது காலடியில் சுவர் முடிந்தது. பலகையில் இருந்தபடியே இருந்ததால் சந்து என்று நினைத்துத் தாண்டி, படி எங்கே என்று காலால் துழாவினார். அது தகரக் கதவு திறந்திருந்த கிடங்கு வாசல். பின்னால் வந்த லாரிக்காரன், "யோவ், கண்ணு தெரியல?" என்று கத்தினானாம். இவர், "தெரியல" என்றாராம். ஒதுங்கப் போய் ஒரு பெட்டியில் இடித்து விழுந்தார்.

நான் போனபோது உதட்டில் தையல் போட்டிருந்தது. கூட்டிவந்த கிடங்குக் காவலாளி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "கடைக்கு இன்னும் அவ்ளோ தூரம் இருக்கு. சுவர் மட்டுமே நூறு காலடி. பாவம், இருபதுலயே உள்ள திரும்பிட்டார்."

அத்தான் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கத்தரிக்கோலில் சுற்றினார்.

"கண்ணு போச்சு, சரி. கை இருக்குன்னு நெனச்சேன். அஞ்சு சாணை ஒரு சாண்னு அளந்திருக்கு இந்தக் கை." அக்காவிடம் நீட்டினார். "யாருக்காவது குடுத்துடு."

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "ரெஸ்ட் எடுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் கோழை, வேறென்ன சொல்ல?

நாலு நாள் வேலை ஓடவில்லை. ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள். "கத்தரிக்கோலை ஒளிச்சு வச்சிருக்கேன்டா. வெட்டத் தெரியாதவனுக்கு எதுக்குச் சோறுங்கறார். தட்டைத் தள்ளி விட்டுடறார்." அவள் அழுததைக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

பலகை மேல் துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்துவிட்டு, அத்தானின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். உதறினார். மறுபடி வைத்தேன்.

"அளங்க."

"எதுக்குடா?"

"அளங்கன்னா அளங்க."

கையை விரித்தார். "ஒரு சாண். அதான் தப்பு."

"தப்பு இல்ல. ஒரு சாண்தான். நான்தான் அஞ்சு சாணை ஒண்ணாக்கினேன். பலகை பத்தலை. நடுவுல ஒரு கேட்டு இருந்துச்சு, அசிங்கமா இருக்குன்னு அதையும் விட்டுட்டேன். நீங்க கேட்டப்போ கணக்கு ஒண்ணுதான்னு சொன்னேன்."

அவர் கை சுவரிலேயே இருந்தது. அறை விழும் என்று நின்றிருந்தேன், விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப என் கை தப்பல?"

"தப்பல அத்தான்."

"தப்பல" என்று அவரே ஒருமுறை சொன்னார். பிறகு வீடே அதிரக் கத்தினார். "அடப்பாவி! நாலு சாண் துணியைத் திருடிட்டு சட்டை தச்சிருக்கியேடா! அறிவிருக்கா உனக்கு?" அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "டேப் எங்க? கத்தரிக்கோல் எங்க? கொண்டா!" அவள் கொண்டுவந்து மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

அன்றே பலகையை நடுவில் அறுத்தேன். வயிறு எரிந்தது, எரியட்டும். நான்கு சாண் பலகையை இடையில் சொருகி, டப்பா மூடியை வெட்டித் தகரக் கதவு வைத்தேன். மீதி முழுக்க வெறும் சுவர். ஒரு புல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. நீளம் கூடியதால் ஒரு முனை தையல் மெஷின் மேல் உட்கார்ந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சப்பென்று ஒன்றைச் செய்ததில்லை. அத்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துகொண்டே தடவினார்.

"இதுதான்டா தெரு" என்றார்.

தையல் பிரித்த மறுநாள் காலை கிளம்பினார். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பின்னால் வரக்கூடாது என்று இரண்டு பேருக்கும் உத்தரவு. வாசற்படியில் உட்கார்ந்தோம். வேலி வரைதான் அவர் தெரிந்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் தையற்கடைக்காரர் போன் செய்து, பட்டன் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றார். அக்கா முழங்கையை விடாமலேயே அழுதாள்.

மதியம் தானாகத் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் நூல் பிசிறு. தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பலகையிடம் போய்ச் சுவரின் முனையில் விரலை வைத்தார்.

"நூத்திமூணு காலடி. போறப்பவும் எண்ணினேன், வர்றப்பவும் எண்ணினேன். இன்னும் ரெண்டு விரல் அகலம் திருடி வச்சிருக்கே. ஒட்டு."

செங்கல் பொடியை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்குச் சுவர் செய்து ஒட்டினேன்.