வரிசையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்

தமிழ்நிலா இரண்டு ஸ்டாப் முன்னாலேயே டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள். துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு, முந்திரி மரங்களை ஒட்டி, யாரோ துரத்துவதுபோல நடந்தாள். யாரும் துரத்தவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் துரத்தவே வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள்.

அவள் கொலை செய்யப் போகவில்லை. காதலனைப் பார்க்கவும் போகவில்லை. மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறாள். இந்த மூன்றில் வெளியே தெரியவே கூடாதது மூன்றாவதுதான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

போன செமஸ்டரில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் வலது கை ஆட ஆரம்பித்தது. பேனா விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து தூக்கமும் போயிற்று. நெய்வேலியிலிருந்து வந்து போகும் மாணவர்களுக்காக அவளுடைய பல்கலைக்கழகம் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் வியாழக்கிழமைகளில் கவுன்சலிங் நடத்தியது. சில வாரங்களாக கவுன்சலர் வளர்மதியிடம் பேசியதில் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது. ஆனால் மருந்து தேவையா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர் விஜயகுமாரி. மாதம் ஒரு தடவைதான் வருவார். இன்று வந்திருக்கிறார். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

திங்கட்கிழமை தேர்வு. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

தெருமுனை திரும்பியவள் அப்படியே நின்றாள்.

குவார்ட்டர்ஸ் வாசற்படியிலிருந்து தெருக்கோடி வரைக்கும் ஹெல்மெட்டுகள். மைன்ஸில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டுகள், தரையில் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கான்ட்ராக்ட் ஆட்களுக்குள் இது எழுதாத சட்டம். ஷிப்ட் பஸ்ஸோ கேன்டீன் சாப்பாடோ, வரிசையில் ஹெல்மெட்டை வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். இடம் ஆளுக்கு இல்லை, ஹெல்மெட்டுக்கு. அதை நகர்த்தியவனோடு யாரும் பீடியைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்கள் எல்லாம் எதிரே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். நடுவில் அன்புமணி.

அவரைப் பார்த்ததும் தமிழ்நிலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மைன்ஸ் டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊரில் யார் எந்த வாசலில் ஏறி இறங்குகிறார்கள் என்பதில் மட்டும் ரிட்டயர் ஆகாதவர். போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, இங்கே என்ன வேலை என்று பிடித்துக்கொண்டார். மனசு சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா வேலையை பர்மனன்ட் பண்ணும் விஷயமாக ஒரு மேடத்தைப் பார்த்தேன், யாரிடமும் சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டாள்.

யாரிடமும் சொல்லாதீங்க என்பதையும் சேர்த்தே அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

வெளியூர் மேடம். போர்டு இல்லாத குவார்ட்டர்ஸ். சாத்திய கதவு. அழுதுகொண்டே வெளியே வரும் பெண். இதற்கு மேல் அத்தாட்சி எதற்கு? இங்கே வேலை எதுவும் இல்லை என்று வளர்மதி வாசலில் வந்து சொல்லிப் பார்த்திருக்கிறார். உள்ளதை யாராவது வாசலில் வைத்துச் சொல்வார்களா என்று அன்புமணி விளக்கம் தந்ததும், கடைசியில் நின்றவர்கள் இன்னும் ஆட்களுக்கு போன் போட்டு வரவழைத்தார்கள். வேண்டாம் என்று மேடம் திருப்பித் தந்த பண்ருட்டிப் பலாப்பழங்கள் வராந்தாவில் கிடந்து தெருவையே மணக்கடித்தன.

மரத்தடியில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"தூக்கம் வருதான்னு கேப்பாங்க," என்றார் அன்புமணி. "வரலைன்னு சொல்லு. நைட் ஷிப்டுக்கு ஆள் கெடைச்சான்னு நெனைப்பாங்க."

தூங்காதவனை மெடிக்கலில் கழித்துவிடுவார்கள் என்று இன்னொரு கட்சி வாதாடியது. அழுவதைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. அழுதவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கூடுதல் நேரமும் கிடைக்கிறது என்று உள்ளே போய் வந்த இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். பொய்யாகத்தான் அழ ஆரம்பித்தோம், நிறுத்தத்தான் முடியவில்லை என்பதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. அவர்கள் கண் வீக்கம் சொன்னது.

தமிழ்நிலா வளர்மதிக்கு போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனைத் தொடுவதில்லை என்பது அவருடைய வழக்கம். வாசற்படியில் கால் வைத்தாள். வரிசையில் வா என்று நாலு பேர் குறுக்கே வந்தார்கள்.

அப்போதுதான் வரிசையில் முதலாவதாக இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டில் வெளிறிப்போன பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். மூன்றாம் வகுப்பில் அவளே ஒட்டியது.

"நிலா," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "நீயும் வந்துகினியா? அடுத்தது நான்தான்."

அய்யனார். அவள் அப்பா. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாருகிறவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கான்ட்ராக்ட். இன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். பெண் தனக்காக ரகசியமாக நடந்த நடையை ஊரே சொல்லக் கேட்ட பெருமை முகத்தில் வழிந்தது.

மணி நாலரை.

"அப்பா, அங்க வேலை எதுவும் இல்லப்பா. நான் பொய் சொன்னேன்," என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று திரும்பினாள். "எனக்கு மனசு சரியில்ல. அதுக்குத்தான் இங்க வந்துகினு இருக்கேன். இது எனக்கு டாக்டர் குடுத்த நேரம்."

அன்புமணி மெச்சிக்கொண்டு தலையாட்டினார்.

"பாத்துக்கங்கடா. படிச்ச புள்ள. முன்னாடி பூந்து போறதுக்கு எப்படி ஒரு பாயின்ட்டைப் புடிச்சிச்சி பாரு."

அடுத்த நொடி மூன்றாவது ஹெல்மெட்டுக்காரர், தனக்கும் மனசு சரியில்லை என்றார். அவனுக்குப் போன மாதம்தான் சரியில்லை, எனக்குத் தீபாவளியிலிருந்தே சரியில்லை என்றார் ஆறாவது ஹெல்மெட். சீனியாரிட்டிப்படி பார்க்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுந்தது. பெண்டாட்டிக்குக் கேட்கக்கூடாது என்று பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுகிறேன் என்றார் ஒருவர். பக்கத்தில் நின்றவர் தன் பீடியை அவரிடம் நீட்டினார். அப்புறம் யாரோ, இது ஸ்ட்ராங்கான பாயின்ட் என்றார்கள். மறுபடி இரைச்சல்.

அய்யனார் அந்தச் சண்டையைக் கேட்கவில்லை. மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தாள்; மூடி விரலில் நிற்கவில்லை. பாட்டிலே ஆடியது. பெல்ட் ரோலர் ஒன்று கழன்று போகுமுன் அப்படித்தான் ஆடும். அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் பெல்ட் ஓரமாக ஓடும் அவசரக் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்திவிட வேண்டும். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"பரிட்சைலேர்ந்துப்பா."

குனிந்து தன் ஹெல்மெட்டை எடுத்தார். துடைத்து மகள் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே பட்டையை இழுத்து மாட்டினார்.

"ஹெல்மெட்டு மொதல்ல இருக்குது," என்று கூட்டத்தைப் பார்த்தார். "போவுது. யாருக்காவது ஆட்சேபணை இருக்குதா?"

அன்புமணியே ஒரு எட்டு பின்னால் போனார். மனசு சரியில்லாததை ஆயிரம் பேர் மறுத்துப் பேசலாம். ஹெல்மெட்டை யார் மறுத்துப் பேச முடியும்? குறுக்கே நின்ற நாலு பேரும் விலகி வழிவிட்டார்கள்.

உள் அறையில் டாக்டர் விஜயகுமாரி பையை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் வேலைக்கா?"

"இல்ல டாக்டர். தூக்கத்துக்கு."

"உட்காரும்மா. அதைக் கழற்றிடலாமே."

"வேணாம் டாக்டர். கழட்டினா எடம் போயிடும்."

டாக்டர் பையை மறுபடி திறந்தார். ஐந்து மணி பஸ் போயிற்று. அதற்கடுத்த பஸ்ஸும் போயிற்று.

தமிழ்நிலா வெளியே வந்தபோது கையில் மருந்துச் சீட்டு இருந்தது. கை இன்னும் ஆடத்தான் செய்தது. ஆனால் அது இப்போது அப்பாவுக்கும் தெரிந்த ஆட்டம். தேர்வுக்குப் போவதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடிவெடுக்கலாம், போகாவிட்டாலும் குடி முழுகிவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் சொன்னாள். நீ போனாலும் போகாட்டியும் நான் அன்றைக்கு லீவு என்றார். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு நடந்து போய் அங்கே வைத்தார்.

"அப்பா, அங்க வேலை இல்லப்பா. சத்தியமா."

"தெரியும்மா." அய்யனார் ஹெல்மெட்டை நேராகத் திருப்பி வைத்தார். "தூக்கம் வருதான்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"நீ வூட்டுக்குப் போ. எனக்கு லேட்டாவும்."