பிளெய்ன்ஸ்பரோ நிருபர்

பிளெய்ன்ஸ்பரோவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தில் பசுபதிக்கு ‘நிருபர்’ என்று ஒரு பெயர் இருந்தது. அது கேலி என்று அவனுக்குப் புரிய ஏழெட்டு வருடம் பிடித்தது. அதுவரை ஏதோ பட்டம் என்றுதான் நினைத்திருந்தான்.

தொழில் என்னவோ மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் அமெரிக்காவுக்கு வந்த சில மாதங்களிலேயே வளைகுடாப் போர் ஆரம்பித்துவிட்டது. ஐந்து பிரம்மச்சாரிகள் தங்கியிருந்த வீட்டில், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டிவி ஒன்று கிடந்தது. அதில் சி.என்.என். வந்தது. நாள் முழுக்க, நிறுத்தாமல், செய்தி மட்டுமே போடுகிற ஒரு சேனல் உலகத்தில் உண்டு என்பதைத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பசுபதியால் முதலில் நம்பவே முடியவில்லை. நம்பிய பிறகு அதை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பாக்தாத்தில் எந்தப் பாலம் நிற்கிறது, எது விழுந்தது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, சொந்த ஆபீஸில் கேன்டீன் எந்த மாடியில் என்று தெரியாது.

அதே வீட்டில் இருந்த கீழக்கரைக்காரன் சிராஜுக்கு குவைத்தில் ஒரு சித்தப்பா இருந்தார். தினமும் சிராஜ் வேலையிலிருந்து வந்ததும் பசுபதி அவனை உட்காரவைத்து, குவைத் நிலவரத்தை விளக்குவான். “பயப்படாத சிராஜ். உங்க சித்தப்பா இருக்கற ஏரியா பக்கம் இன்னும் பெரிசா ஒண்ணுமில்ல.” சிராஜ் கவனமாகத் தலையாட்டுவான். அந்தச் சித்தப்பா போர் தொடங்கும் முன்பே ஜோர்டான் வழியாக ஊருக்கு வந்து, மளிகைக் கடையும் வைத்துவிட்டிருந்தார். வெகு காலம் கழித்து பசுபதி கேட்டான், “அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?” சிராஜ் சொன்னான், “அவ்வளவு ஆசையா சொல்லிக்கிட்டு இருந்தியண்ணே. எப்படி மனசு வரும்?”

பிறகு வசந்தாமணியைக் கட்டிக்கொண்டு வந்தான். சிராஜும் நஜீமாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அதே கட்டடத்தில் கீழ் வீட்டுக்கு வந்தான். வசந்தாமணி கெட்டிக்காரி. வந்த வாரத்திலேயே வீட்டின் உண்மையான தலைவர் யார் என்று கண்டுகொண்டு, சாப்பாட்டு நேரத்தை விளம்பர இடைவேளைக்கு மாற்றினாள். ஒரு விளம்பரத்துக்குக் குழம்பு, அடுத்த விளம்பரத்துக்கு ரசம்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள் ஒருநாள், மோரை ஊற்றிக்கொண்டே. “எனக்குத் தாலி கட்டுனீங்களே, அப்ப விளம்பரம் ஓடிட்டு இருந்துச்சா?”

அவள் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. இன்றைக்கும் டிவியில் விளம்பரம் வந்தால் பசுபதிக்குப் பசிக்கிறது.

இரண்டாயிரம் நவம்பரில் நிருபரின் புகழ் உச்சிக்குப் போனது. தேர்தல் முடிவு தெரியாமல் நாடே குழம்பிக்கொண்டிருக்க, வளாகத்தின் துணி துவைக்கும் அறையில் பசுபதி முதலில் ஒருவரை ஜனாதிபதியாக்கினான். உலர்த்தும் இயந்திரம் நிற்பதற்குள் இன்னொருவரை ஆக்கினான். இரண்டு தடவையும் கூடியிருந்தவர்கள் நம்பினார்கள். அந்தக் கர்வம் ஆறுவதற்குள் ஜனவரி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு டிவியைப் போட்டான். இந்திய வரைபடம். குஜராத்தின் மேல், குளத்தில் கல்லெறிந்த மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள். பூகம்பம். பசுபதிக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு, ஒரு உற்சாகம். இன்றைக்கு எத்தனை பேர் போன் பண்ணிக் கேட்பார்கள் என்று நினைத்தான். காபியோடு வந்த வசந்தாமணி வரைபடத்தைப் பார்த்தாள். டம்ளரை டிவி மேலேயே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நடுப்புள்ளி வெச்சிருக்கானே, அதுகிட்டத்தானுங்க நம்ம மணியன் இருக்கான்.”

மணியன் அவளுடைய ஒரே தம்பி. காந்திதாமில் ஒரு உப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதப் போய் மூன்று வருடமாகிறது. பசுபதி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மணியன் நம்பருக்குப் போட்டான். மணியே அடிக்கவில்லை. கம்பெனி நம்பருக்கும் அதே கதி.

அதன் பிறகு அவன் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். ஆபீஸுக்கு லீவு சொன்னான். டிவியில் சி.என்.என். அதைப் பதிவுசெய்ய வி.சி.ஆர். பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர், அதிலே அதே சேனலின் இணையதளம். அந்தக் காலத்தில் இணையம் என்றால் வீட்டு போன் வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருக வேண்டும். கரகரவென்று ஒரு கத்தல் கத்திவிட்டுச் சேரும். அது சேர்ந்திருக்கும் வரை வீட்டுக்கு யார் போன் பண்ணினாலும் எங்கேஜ்டு.

“ஏனுங்க,” என்றாள் வசந்தாமணி, “லைனைக் கொண்டுபோய் அதுல மாட்டி வெச்சிருக்கீங்களே. ஊர்லருந்து யாராச்சும் கூப்பிட்டா?”

“ஊர்ல இருக்கறவங்களுக்கு என்ன தெரியும் வசந்தா? அவங்களும் இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். உலகம் பூரா இதைத்தான் பாக்குது.”

அவள், நஜீமா எப்போதோ பிரியாணி கொடுத்தனுப்பிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். அழத்தான் போகிறாள், பெண்களோடு பெண்ணாக அழட்டும் என்று பசுபதி பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டான்.

பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனவள் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்தாள். மறுநாள் சனிக்கிழமையும் காலையிலேயே போய்விட்டாள்.

அன்றுதான் பசுபதி மணியனைக் கண்டுபிடித்தான்.

இடிந்த கட்டடம் ஒன்றின் முன்னால் நாலைந்து பேர். அதில் ஒருவன் தலையில் துண்டு கட்டி, கடப்பாரையால் சிமெண்ட் பாளத்தை நெம்பிக்கொண்டிருந்தான். முக்கால்வாசி முதுகுதான் தெரிந்தது, முகம் கால்வாசி. ஆனால் அந்த முதுகு மணியனின் முதுகு. பசுபதி டேப்பை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினான். நிறுத்தினால் படம் நடுவில் கோடு விழுந்து நடுங்கியது. அந்த நடுக்கத்திலும் அது மணியன்தான்.

செய்தி வளாகத்தில் பரவியது. நிருபர் தன் மச்சினனை சி.என்.என்னிலேயே பிடித்துவிட்டாராம். சிராஜ் மேலே வந்தான். பின்னாலேயே அடுத்த கட்டடத்துக்காரர்கள் செருப்பை வாசலில் குவித்துவிட்டு வந்தார்கள். மணியனை வாழ்நாளில் பார்த்தேயிராத ஒருவர், “அவரேதான், அந்தத் தோள்பட்டையைப் பாருங்களேன்” என்றார்.

மகள் வான்மதிக்கு எட்டு வயது. சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாட், ஹீ ஹாஸ் எ மஸ்டாஷ். மாமா டஸிண்ட்.”

“நீ பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷத்துல மீசை வளராதா?”

“ஓகே,” என்றாள் வான்மதி. அந்த ஓகேயின் அர்த்தம் அறையில் எல்லோருக்கும் புரிந்தது.

பசுபதி கீழே போய், நஜீமா வீட்டு ஹாலில் போன் பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்திருந்த வசந்தாமணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தான். அவள் ஏன் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. நிருபர்கள் கேள்வி கேட்பார்கள் என்றுதானே சொல்கிறார்கள்.

கூட்டம் வழிவிட்டது. அவள் டிவிக்கு அருகில் போய் நின்றாள். திரையைத் தொடப்போகிறவள் மாதிரி கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டாள்.

“இன்னொருக்கா ஓட்டுங்க.”

ஓட்டினான். துண்டு கட்டியவன் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான், நெம்பினான்.

“இந்த ஆளு வலது கைக்காரன்,” என்றாள் வசந்தாமணி. “மணியன் எடது கை.”

தோள்பட்டைக்குச் சாட்சி சொன்னவர் தன் செருப்பைத் தேடப் போனார்.

“பாவம், ஆரு பெத்த புள்ளையோ,” என்றாள். “இந்த ஆளாவது நல்லா இருக்கட்டும்.” சொல்லிவிட்டுத் திரும்பிக் கீழே இறங்கிப்போனாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை. அவள் இல்லாத அறையில் பசுபதி ரிமோட்டைப் பிடித்தபடி நின்றான். ஒரு நிமிடம் தம்பியைக் கொடுத்து, அடுத்த நிமிடம் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டாயிற்று. ஜனாதிபதியை மாற்றிச் சொன்னபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வந்தவர்கள் போனார்கள். வெட்கத்துக்கு மருந்து தெரியாததால் பசுபதி மறுபடியும் டிவி முன்னால் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் யாரோ ஓடிவருகிற சத்தம். வசந்தாமணி வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

“ஏனுங்க, மணியன் பொழச்சுக்கிட்டான்.”

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? எழுந்து பெண்டாட்டியைக் கட்டிக்கொள்வான். கடவுளே என்பான். குறைந்தபட்சம் அழுவான். பசுபதி கேட்டான்:

“யாரு சொன்னா? கன்ஃபர்ம் ஆயிடுச்சா?”

வசந்தாமணி சிரிக்க ஆரம்பித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். பின்னால் வந்த நஜீமா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“சங்ககிரி லாரி ஆபீஸ்ல சொன்னாங்க,” என்றாள் வசந்தாமணி, சிரிப்பு அடங்கியதும். “போதுங்களா? இல்ல, இன்னொரு லாரி ஆபீஸ்லயும் கேக்கோணுங்களா?”

நடந்தது இதுதான். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு காந்திதாமுக்குப் போகிற சங்ககிரி லாரிகள், திரும்பும்போது உப்பு ஏற்றும். மணியன் ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி ஸ்டாண்டுக்குப் போய் அந்த டிரைவர்கள் பொங்குகிற சோற்றையும் ரசத்தையும் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவான். ரசம் கிடைக்கிற இடம் அங்கே அது ஒன்றுதான். பூகம்பத்தன்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு லாரி அவனைத் தேடிப்பிடித்து ஏற்றிக்கொண்டு, உடைந்த சாலைகளில் ஊர்ந்து ஊர்ந்து பரோடா சேர்ந்திருக்கிறது. அங்கே ஒரு புக்கிங் ஆபீஸ். அங்கிருந்து சங்ககிரிக்கு ஒரு போன். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோட்டில் வசந்தாமணியின் அப்பாவுக்கு ஒரு போன். அப்பா நேற்று பிளெய்ன்ஸ்பரோவுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார், மாப்பிள்ளை வீட்டு லைன் எங்கேஜ்டு.

“நல்ல வேளை,” என்றாள் நஜீமா, “அக்கா நேத்தே எங்க வீட்டுலருந்து ஊருக்கு காலிங் கார்டு போட்டுப் பேசி, எங்க நம்பரைக் குடுத்துட்டாங்க. இல்லன்னா நீங்க இன்னும் அந்தத் துண்டுக்காரரத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும் அண்ணே.”

“வயரைப் புடுங்குங்க,” என்றாள் வசந்தாமணி. “மணியன் உங்ககிட்டயும் பேசோணுமாம். இந்த நம்பருக்கே கூப்பிடச் சொல்லி அப்பாகிட்டச் சொல்லியிருக்கறேன்.”

பசுபதி மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி போனில் சொருகினான். வான்மதியோடு நால்வரும் போனைச் சுற்றி நின்றார்கள். டிவி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் அவன்தான் எடுத்தான்.

“மாமா.” கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். “நல்லா இருக்கறீங்களா?”

“மாப்ள,” என்றான் பசுபதி.

“மாமா, நீங்க டிவி பாத்திருப்பீங்கல்ல. அங்க என்னதான் மாமா ஆச்சு? கரண்ட் இல்ல, பேப்பர் இல்ல, அப்பிடியே லாரில ஏறி வந்துட்டோம், எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. எங்க வீட்டு ஓனரு, பின்னாடி வீதி. அந்தப் பக்கம் ஏதாச்சும் காட்டுனாங்களா? ஆளுங்கள எடுத்துட்டாங்களா?”

பத்து வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் பசுபதி காத்திருந்தான் என்று சொல்லலாம். நேரடியாக, சம்பவ இடத்திலிருந்து வந்த ஒருவனே அவனிடம் செய்தி கேட்கிறான். ரிக்டர் அளவு தெரியும். எந்தெந்த நாடு விமானம் அனுப்புகிறது என்று தெரியும். பூமிக்கடியில் எந்தப் பாறை எதன்மேல் மோதியது என்று படம் வரைந்துகூடக் காட்டுவான். அந்த வீட்டு ஓனரைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிவியைத் திரும்பிப் பார்த்தான். காருக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியல மாப்ள,” என்றான். “அக்காகிட்டக் குடுக்கறேன்.”

வசந்தாமணி போனை வாங்கி, எடுத்த எடுப்பில் கேட்டாள். “அப்பா கை ஒடஞ்சிருக்குன்னாரே, எந்தக் கைடா? … வலதா? அப்பச் செரி. சோறு திங்கலாம்.”

பசுபதிக்கு அப்போதுதான் கை உடைந்ததே தெரிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தபடி போனில் சொன்னாள். “உன்ற மாமா உன்னைய டிவிலயே கண்டுபுடிச்சுட்டாரு தெரியுமா? தலைல துண்டு கட்டிக்கிட்டு, கடப்பாரைய வெச்சு நீ தோண்டிக்கிட்டு இருந்தயாம். ஊரையே கூப்பிட்டுக் காட்டுனாரு.”

அந்தப் பக்கம் மணியன் ஏதோ சொன்னான். வசந்தாமணியின் சிரிப்பு மெல்ல நின்றது. “ம்,” என்றாள். “ம். செரி சாமி. நீ அழுவாத.”

போனை வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். நஜீமா வான்மதியை அழைத்துக்கொண்டு கீழே போனாள்.

“என்ன சொன்னான்?” என்று பசுபதி கேட்டான்.

“தோண்டுனது நெசந்தானாம்,” என்றாள். “ஓனரு வீட்ட. கடப்பாரை கெடைக்கலியாம்.”

பசுபதி எழுந்துபோய் டிவியை அணைத்தான். அந்த வீட்டில், அவன் முழித்திருக்கும்போது, அது அணைந்து கிடந்ததை வசந்தாமணி பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனுஷனுக்குத் தட்டை எடுத்து வைத்தாள். குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தாமல் ஊற்றினாள்.