படுக்கை கிடைத்த நேரம்

பிளாஸ்திரியை ஈரத்துணியால் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், காய்ந்தபடி இழுத்தால் கைமுடியெல்லாம் பிய்த்துக்கொண்டு வரும், ஊரைக் கூட்டிவிடுவான் என்று நினைத்தபடி அவள் தம்பியின் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை சில்லிட்டிருந்தது. அவன் உயிர் போய் முக்கால் மணி நேரமாகிவிட்டது.

பிறந்ததிலிருந்தே அவனுக்கு அரிவாள் செல் நோய். இரத்த அணுக்கள் வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் ஆணி இறக்குவதுபோல வலிக்கும். அப்படி வருகிறவர்களுக்கு, வாசலில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் வலிக்கு ஊசி போட வேண்டும், மூச்சையும் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருடங்களுக்கு முன் வழிகாட்டி நெறிகள் வந்தன. நர்ஸான அவளிடம்தான் அவற்றை இந்த மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு வந்தது. கூட்டமோ கூட்டம், ஆளோ இல்லை. எந்த மாதமும் தேறவில்லை. ஒருநாள் அவளே இளைய நர்ஸுகளிடம் சொன்னாள்: "வாசல்ல நுழைஞ்ச நேரத்தை விடுங்க. படுக்கை கிடைச்ச நேரத்தைப் போடுங்க." அடுத்த மாத அறிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு நேரத்துக்குள் ஊசி. தலைமை நர்ஸான மேட்ரன் கேக் வெட்டினாள்.

இன்று காலை எட்டேகாலுக்கு அவன் கீழிருந்து போன் செய்தபோது, அவள் மேல்மாடியில் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வந்துட்டேன். பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. ஊசிக்காக நடிக்கிறேனாம். அவார்டு ஏதாச்சும் குடுப்பீங்களா?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுருவாங்கடா. கொஞ்சம் பொறு."

"மூச்சு வாங்குதுக்கா."

"பொறுன்னா பொறு. வகுப்புல இருக்கேன்."

நம்பித்தான் சொன்னாள். மாதாமாதம் தானே எழுதிய அறிக்கைகள் எப்போதோ அவளுக்கும் உண்மையாகியிருந்தன.

பன்னிரண்டு மணிக்குப் படுக்கை கிடைத்தது. இருபதாவது நிமிடம் ஊசி. அதற்குள் நுரையீரல் இரண்டும் அடைத்துப்போயிருந்தன.

மேட்ரன் ஒரு தாளோடு உள்ளே வந்தாள். கட்டிலின் மறுபக்கம், மதியத்துக்குமேல் வந்துசேர்ந்த அம்மா, மகனின் போர்வையை நீவியபடி உட்கார்ந்திருந்தாள்.

"வந்த நேரம் பன்னிரண்டு, ஊசி பன்னிரண்டு இருபது. சொந்தக்காரங்க கையெழுத்து ஒண்ணு வேணும். நீயே போட்டுடும்மா."

அவள் துணியைப் பிழிந்தாள்.

மேட்ரன் குரலைத் தாழ்த்தினாள். "நீ சொல்லிக்குடுத்தபடிதான் பிள்ளைங்க எழுதியிருக்காங்க. இதை மாத்தினா ரெண்டு வருஷத்துத் தாளையும் தோண்டுவாங்க. முதல்ல உருளுறது உன் தலைதான்."

அம்மா நிமிர்ந்தாள். "இருபதே நிமிஷத்துல பாத்துட்டாங்களா?"

"ஆமாம்மா" என்றாள் மேட்ரன்.

"அக்காக்காரி வேலை பாக்குற இடமாச்சே, விடுவாங்களா?" அம்மாவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மகளைப் பார்த்தாள். "அப்போ எம்பிள்ளை ரொம்பத் துடிக்கலல்ல? போட்டுக் குடும்மா. அவனை வீட்டுக்குக் கொண்டுபோலாம்."

மேட்ரன் பேனாவை நீட்டினாள். அவள் இரண்டு கைகளையும் ஈரத்துணிக்குள் வைத்துக்கொண்டாள்.

"வந்த நேரம் எட்டேகால்னு எழுதிக் கொண்டாங்க. போடுறேன்."

மேட்ரன் தாளை மடித்துக்கொண்டு வெளியே போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

போர்வைமேல் கிடந்த அம்மாவின் விரல்கள் எட்டேகாலிலிருந்து மணிகளை எண்ணி ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்பது. பத்து. பதினொன்று.